கரையில் ஒரு குடை

முதுமை வந்த பிறகு மனிதன் எதையெதை விட்டுவிட வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு வீட்டிலும் எழுதப்படாத பட்டியல் ஒன்று இருக்கிறது. ஏணியில் ஏறக்கூடாது, இருட்டிய பின் தனியே வெளியே செல்லக்கூடாது, உப்பையும் இனிப்பையும் நெருங்கக்கூடாது. எங்கள் வீட்டுப் பட்டியலில் கடல் இடம்பெற்றிருக்கவில்லை. 69 வயதில், இதயக் குழாய்களில் இரண்டு ஸ்டென்டுகளையும் வலத்தோளில் ஓயாத நோவையும் சுமந்துகொண்டிருப்பவன் கடலில் நீந்தப் போவான் என்று எவரும் எதிர்பார்க்காததே அதற்குக் காரணம். ஆகவே, 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள், சுபுஹுத் தொழுகை முடிந்து வீடு திரும்பியதும், "நாளையிலிருந்து கடலில் இறங்கி நீந்தலாமென்று இருக்கிறேன்" என நான் சொன்னபோது, என் மனைவி கையிலிருந்த தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை; சினக்கவுமில்லை. "உங்கள் உடம்பு உங்களுக்கு மட்டுந்தான் சொந்தமா?" என்று கேட்டாள்.

அக்கேள்விக்கு அன்று என்னிடம் விடை இருக்கவில்லை. ஓராண்டுக்கும் மேலாக அதனையே எண்ணிக்கொண்டிருக்கிறேன். எண்ணியவற்றுள் சிலவற்றை வாசக அன்பர்கள் முன் வைக்கிறேன்.

எங்கள் ஊர் காயல்பட்டினம். கடற்கரை எங்களூர்க்காரர்களுக்கு வீட்டுத் திண்ணையின் நீட்சி. அஸருக்குப் பின் மணலில் வந்தமர்ந்து மஃரிபு வரை உலக விவகாரங்கள் அனைத்தையும் பேசித் தீர்த்துவிட்டுத்தான் எழுவோம். ஆனால் கடலை இவ்வளவு நேசிக்கும் ஊரில் கடலுக்குள் இறங்குவோர் மிகச் சிலரே. சிறுவர்கள் இறங்குவார்கள், மீசை அரும்பியதும் அவர்களும் கரையேறிப் பேச்சில் சேர்ந்துவிடுவார்கள். நான் கொஞ்சம் தாமதமாகக் கரையேறியவன். 19 வயது வரை நீந்தினேன். பிறகு பிழைப்பு என்னைச் சென்னை மண்ணடிக்கு அழைத்துச் சென்றது. அங்கும் கடல் இருந்தது. ஆனால் மெரினாவில் இறங்கிக் குளிக்கக் காவல் துறையின் தடை உண்டு, அங்குள்ள நீரிழுப்பைக் கண்டவர்கள் அத்தடையைக் குறை சொல்லமாட்டார்கள். நாற்பதாண்டுகளுக்கு மேல் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தேனேயன்றி அதில் ஒரு முறையும் நீந்தவில்லை. தடை மட்டும் அதற்குக் காரணமன்று. மற்றொரு காரணமும் இருந்தது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

முதலில், இந்த வயதில் இந்த ஆசை ஏன் எழுந்தது? என் முழங்கால்கள் தேய்ந்துவிட்டன. தொழுகையில் நாற்காலியில் அமர்கிறேன். படியிறங்கும்போது சுவரைத் தொடுகிறேன். நிலத்தின்மீது என் உடல் ஒரு பாரம். ஒவ்வொரு அடியும் அதைத் தூக்கிச் செல்லும் கூலிவேலை. ஒரு மாலை, அலை வந்து திரும்பும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். எதிர்பாராமல் எழுந்த பெரிய அலையொன்று இடுப்புவரை நனைத்து ஒரு கணம் என்னை மணலிலிருந்து தூக்கிவிட்டது. அந்த ஒரு கணம் முழங்காலில் வலி இல்லை. விழுந்திருக்கலாம், விழவில்லை. வீட்டுக்கு நனைந்த கைலியோடு வந்தேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. கழுத்தளவு நீரில் நிற்பவனின் கால்கள் தாங்கும் பாரம் அவன் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். கடல்நீரோ நன்னீரைவிடச் சற்றேறக்குறைய நூற்றுக்கு இரண்டரை பங்கு கனமானது. எனவே இன்னும் சற்று மேலே ஏந்தும். ஆங்கிலக் கவிஞர் பைரனுக்கு வலப்பாதம் பிறவியிலேயே ஊனம், நடந்தால் விந்துவார். அவரே 1810-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் ஐரோப்பாவையும் ஆசியாவையும் பிரிக்கும் ஹெல்லஸ்பான்ட் நீரிணையை நீந்திக் கடந்தார். தம் கவிதைகளைவிட அச்செயலைப் பற்றியே அதிகம் பெருமை பேசினார் எனலாம். நீருக்குள் விந்தி நடப்பவன் யார், நிமிர்ந்து நடப்பவன் யார் என்று எவருக்குத் தெரியும்?

ஆனால் நீர் கொடுப்பதை மட்டும் சொல்லி, கேட்பதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. கழுத்துவரை நீருள் அமிழும்போது, சுற்றிலும் அழுத்தும் நீர் கால்களிலுள்ள இரத்தத்தை மார்பை நோக்கித் தள்ளுகிறது. அரை லிட்டருக்கு மேற்பட்ட இரத்தம் இவ்வாறு நெஞ்சுப் பகுதியில் கூடுதலாகச் சேர்கிறது. இதயம் அதை வாங்கி வெளித்தள்ள வேண்டும். இளைஞனுக்கு இது ஒரு பொருட்டன்று. பழுதுபார்க்கப்பட்ட இதயத்துக்கு இது கணக்கில் வைக்கவேண்டிய வேலை. நீரைவிட்டு வெளியேறும்போது அந்த இரத்தம் மீண்டும் கால்களுக்கு இறங்க, தலை சுற்றும். கடலில் நீந்தும் முதியவனுக்கு ஆபத்து ஆழத்தில்தான் இருக்கிறது என்று நினைப்போம். முழங்காலளவு நீரில், கரையேறும் அந்தப் பத்தடியிலும் அது காத்திருக்கிறது. கால்கள் தளர்ந்திருக்கும், பின்னாலிருந்து அலை அடிக்கும், விழுந்தால் எழுவது கடினம். என் மருத்துவரிடம் கேட்டேன். அவர் நெடுநேரம் என் தாள்களைப் புரட்டினார். தனியே போகக்கூடாது, உண்ட உடனே போகக்கூடாது, நெஞ்சில் இறுக்கமோ மூச்சு முட்டலோ கண்டால் அக்கணமே நிறுத்திவிட வேண்டும் என்றார். மாத்திரைகள் நாடித்துடிப்பைக் கட்டிவைத்திருப்பதால் நாடியை நம்பாதீர்கள், களைப்பை நம்புங்கள் என்றும் சொன்னார். "போங்கள்" என்று சொல்லவில்லை. "போகாதீர்கள்" என்றும் சொல்லவில்லை. மருத்துவம் அறத்தின் எல்லையில் வந்து நின்றுவிடுகிறது.

இக்காலத்தில் முதியவர்களை உற்சாகப்படுத்துவோருக்குக் குறைவில்லை. வயது வெறும் எண் என்பார்கள். மனம் இளமையாக இருந்தால் போதும் என்பார்கள். சான்றுகளையும் அடுக்குவார்கள். தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த இதய அறுவை மருத்துவர் ஆட்டோ தானிங் 2014-ஆம் ஆண்டு செப்டம்பரில், தமது 73-ஆம் வயதில், ஆங்கிலக் கால்வாயை 12 மணி 52 நிமிடத்தில் நீந்திக் கடந்தார். அமெரிக்கப் பெண்மணி டயானா நையாட் 1978-இல் கியூபாவிலிருந்து ஃபுளோரிடாவுக்கு நீந்த முயன்று தோற்றார். 60 வயதைக் கடந்தபின் மீண்டும் மீண்டும் முயன்று, 2013-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள், ஐந்தாவது முயற்சியில், 64 வயதில், 170 கிலோமீட்டருக்கு மேல் நீந்திக் கரை சேர்ந்தார். இவற்றைப் படிக்கும்போது உள்ளம் விம்முகிறது, மறுக்கவில்லை. ஆயினும் வயது வெறும் எண் என்னும் கூற்றை நான் ஏற்பதற்கில்லை. என் தோள் எண் அன்று. அதை ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் தூக்கினால் வலிக்கிறது. வயதை இல்லையென்று சாதிப்பவன் கடலுக்குள் முதற்காலை வைக்கும்போதே ஒரு பொய்யோடு இறங்குகிறான்.

நையாட் அம்மையாரின் நீச்சலைப் பற்றி எழுந்த ஒரு சர்ச்சைதான் அந்தச் சாதனையைவிட என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. அவரைச் சுற்றிப் படகுகள் சென்றன. சுறாக்களைக் கவனிக்க முக்குளிப்போர் சென்றனர். வழிகாட்ட மாலுமியும், உணவூட்ட உற்ற தோழியும் இருந்தனர். சொறிமீன்களின் கொடுக்கிலிருந்து காக்கும் உடையை அணியும்போது துணையாளர்களின் கைகள் அவர்மீது பட்டன. அவ்வாறு பட்டதால் அந்நீச்சலைத் 'துணையற்ற நீச்சல்' என்று சொல்லலாமா, கூடாதா என்று நீச்சல் வல்லுநர்கள் வாதிட்டார்கள். அது முறைப்படி ஏற்பளிக்கப்படவும் இல்லை. விதிகள் விதிகளே; அவற்றைக் குறைகூற நான் தகுதியுடையவன் அல்லேன். ஆனால் 'துணையற்ற' என்னும் அந்தச் சொல் விந்தையானது. அத்தனை பேர் சூழ, கடலில் ஒருவர் 'துணையற்றவர்' எனப் பெயர் பெறுவதற்காக ஏங்குகிறார்! அந்த ஏக்கம் எனக்கும் தெரிந்த ஒன்றுதான். 19 வயதில் அதுவே என் நோயாக இருந்தது.

மனைவியின் கேள்விக்கு வருகிறேன். உடல் அமானிதம், நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள். இதை நம்மில் அறியாதவர் இல்லை. அவள் கேள்வியின் வேர் அதுதான். அமானிதப் பொருளை வைத்து ஒருவன் விளையாடலாமா? நான் எனக்குச் சாதகமாக ஒரு வாதத்தைக் கட்டிப் பார்த்தேன். அடைக்கலமாகத் தரப்பட்ட நகையைப் பூட்டி வைத்தால் அப்படியே இருக்கும். ஆனால் உடல் பூட்டி வைக்க வைக்கத் தேயும் பொருள். நாற்காலியில் வைத்துக் காப்பாற்றப்படும் முழங்கால் நாற்காலியிலேயே இறுகிப்போகும். எனவே உடலைப் பயன்படுத்துவதுதான் அதைக் காப்பது என்று அவளிடம் சொன்னேன். அவள் கேட்டாள்: "அதற்கு நம் கடற்கரைச் சாலையில் நடக்கக்கூடாதா?" என் வாதம் அத்தோடு முடிந்தது. உண்மைதான். முழங்காலின் நலத்துக்காக நான் கடலைத் தேடவில்லை. தேடியது வேறு, அதற்கு மருத்துவப் பெயர் சூட்டிக்கொண்டிருந்தேன். முதியவர்கள் தங்கள் ஆசைகளுக்கு மருந்துச்சீட்டு எழுதி வாங்கிக்கொள்வதில் வல்லவர்கள்.

இனி, பின்னர் சொல்கிறேன் என்று ஒத்திப்போட்ட காரணத்தைச் சொல்லவேண்டும். ஐம்பதாண்டுகளாக யாரிடமும் சொல்லாதது.

1974-ஆம் ஆண்டு. சென்னைக்குப் புறப்பட இரண்டு நாட்களே இருந்தன. பிற்பகலில் எவரும் இல்லாத நேரம் பார்த்துக் கடலில் இறங்கினேன். எவரும் இல்லாத நேரத்தைத் தேர்ந்தெடுத்தது தற்செயலன்று. தனியே போய்த் தனியே திரும்ப வேண்டும் என்பதுதான் அன்றைய வீரம். கச்சான் காற்று வீசும் பருவம். அது நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். கரையோரம் அலை தணிந்து காணப்படுவதால் ஏமாந்துவிடுவோம். நெடுந்தூரம் எளிதாகச் சென்றேன். எளிதாகச் சென்றதற்குக் காரணம் என் தோள்வலிமை என்று எண்ணினேன். திரும்பியபோதுதான் தெரிந்தது. கைகளை எவ்வளவு வீசினாலும் கரையிலிருந்த பனைமரம் பெரிதாகவில்லை. எவ்வளவு நேரம் போராடினேன் என்று சொல்லத் தெரியவில்லை. உப்புநீர் தொண்டையில் இறங்கியது. அப்போது கட்டுமரம் ஒன்று என்னை நோக்கி வந்தது. அதிலிருந்தவர் நடுவயதுக்காரர். என் தலைமுடியைப் பற்றி இழுத்து மரத்தின்மேல் போட்டார். அவர் வாயிலிருந்து வந்த வசைகளை இவ்விதழில் எழுத இயலாது. அவை முற்றிலும் நியாயமானவை. கரையில் இறக்கிவிட்டு மீண்டும் கடலுக்குள் திரும்பினார். நன்றி என்றொரு சொல் நான் சொல்லவில்லை. யாராவது பார்த்திருப்பார்களோ என்ற வெட்கத்தில் வீட்டுக்கு ஓடினேன். இரண்டாம் நாள் இரயிலேறிவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து ஊரிலிருந்து சென்னை வந்த ஒருவர் ஊர்ச் செய்திகளுக்கிடையே இதையும் சொன்னார்: கொம்புத்துறைக்காரர் ஒருவர் மூழ்கிய பையன் யாரையோ காப்பாற்றப் போகும் அவசரத்தில், விரித்திருந்த வலையைக் கயிற்றோடு அறுத்துவிட்டுப் போனாராம், திரும்பிச் சென்று தேடியும் வலை கிடைக்கவில்லையாம். அவர் அதை ஒரு வேடிக்கைச் செய்தியாகவே சொன்னார். அந்நாளில் ஒரு வலை என்பது ஒரு மீனவக் குடும்பத்துக்கு எத்தனை மாத உழைப்பு, எவ்வளவு கடன் என்பதை அறிந்தவர்கள் அறிவார்கள். நான் அந்தப் பையன் நான்தான் என்று சொல்லவில்லை. முதலில் கையில் பணம் இருக்கவில்லை. பணம் வந்தபோது ஆண்டுகள் பல கடந்திருந்தன. காலங்கடந்த கடனைத் திருப்பிக் கொடுக்க, கடனைவிடப் பெரிய துணிவு தேவைப்படுகிறது. ஊர் திரும்பிக் குடியமர்ந்த பின் கொம்புத்துறைக்குச் சென்று விசாரித்தேன். முதியவர் இருவர் மிகுந்த மரியாதையோடு உட்கார வைத்துப் பேசினர். ஒருவர் ஒரு பெயரைச் சொன்னார். மற்றவர் வேறொரு பெயரைச் சொன்னார். இருவருமே காலமாகிவிட்டனர். அந்நிகழ்ச்சி அவ்விருவருக்கும் நினைவிலேயே இல்லை. கடலிலிருந்து ஒருவனைத் தூக்கி வருவது அங்கே நினைவில் வைக்கத்தக்க செய்தியன்று.

இந்த நிகழ்ச்சியின் வழியாகத்தான் என் மனைவியின் கேள்வி எனக்கு விளங்கத் தொடங்கியது. உயிருக்கு ஆபத்தைத் தேடிக்கொள்ள எனக்கு உரிமை உண்டா என்று நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். அது இரண்டாவது கேள்வி. முதற் கேள்வி வேறு. நான் மூழ்கினால் யாரோ ஒருவர் வருவார். வராமல் இருக்கமாட்டார். நம் மார்க்கச் சட்ட நூல்கள், தண்ணீரில் மூழ்குபவனைக் காக்க வல்லவன் தொழுகையில் நின்றாலும் அதை முறித்துக்கொண்டு ஓடவேண்டும் என்கின்றன. படைத்தவன் முன் நிற்பவனையே அழைக்கும் உரிமை மூழ்குபவனுக்கு உண்டு என்றால் அது எத்தகைய உரிமை! அந்த உரிமையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நான் நீரில் இறங்குகிறேன். கரையில் நிற்கும் முன்பின் அறியாத இளைஞன்மீது, அவனைக் கேளாமலே, ஒரு கடமையைச் சுமத்துகிறேன். காப்பாற்றப் போனவர்களே மூழ்கிய செய்திகளை நாம் நாளேடுகளில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். தம்பியை மீட்கக் குதித்த அண்ணன், மாணவனை மீட்கக் குதித்த ஆசிரியர். மூழ்குபவனின் பிடி இரக்கமற்றது. அவன் தன்னை மீட்க வந்தவனையே ஏணியாக்கி மேலேற முயல்வான். 'என் உயிர், என் விருப்பம்' என்று சொல்பவர்கள் கடலில் இறங்கியதில்லை போலும். அங்கே 'என் உயிர்' என்று தனியாக ஒன்று இல்லை.

அவ்வாறாயின் முதியவன் கரையிலேயே இருந்துவிடுவதுதான் அறமா? பலகாலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த முடிவில் ஒரு வசதியும் இருந்தது: 1974-இல் செய்ததற்கு அது ஒரு தண்டனைபோல் தோன்றிற்று. தண்டனை அனுபவித்துவிட்டோம் என்ற நிறைவில் கடனை மறந்திருக்கலாம் அல்லவா!

இவ்விடத்தில் எங்கள் கரைக்கே உரிய ஒரு வழக்கம் எனக்கு வழி காட்டியது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். பரதவ மக்களோடு கீழக்கரை, காயல் பகுதி முஸ்லிம்களும் அத்தொழிலில் இருந்தனர். குளிப்பவன் கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலை வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆழத்துக்கு இறங்குவான். ஒரு நிமிடம், சற்று முன்பின். அதற்குள் சிப்பிகளை வாரிப் பையில் இட்டுக்கொண்டு கயிற்றை அசைப்பான். மேலே தோணியில் கயிறு பிடித்து நிற்பவன் இழுத்தெடுக்க வேண்டும். அவன் கண்ணயர்ந்தால், பராக்குப் பார்த்தால், கீழே இருப்பவன் கதை முடிந்தது. அதனால் கயிறு பிடிக்க மைத்துனனையே அமர்த்துவார்கள் என்று நம் கடற்கரையெங்கும் சொல்வதுண்டு. தன் சகோதரி கைம்பெண்ணாவதை எவன் விரும்புவான் என்பது அதன் காரணமாம். சிறுவயதில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். இப்போது அதிலுள்ள நுட்பம் புரிகிறது. முத்துக்குளிப்பவனைத் துணையற்றவன் என்று எவரும் புகழ்ந்ததில்லை; அவனும் அப்பெயரை விரும்பியதில்லை. யாரிடம் தன் உயிரைக் கொடுத்துவிட்டு இறங்குவது என்பதை அவன் முன்கூட்டியே, பெயர் சொல்லி, சம்மதம் பெற்று முடிவு செய்தான். கண்ணில் படும் வழிப்போக்கன்மீது அதைச் சுமத்தவில்லை.

கயிறு இருந்தால் கடல் கொல்லாது என்று நான் சொல்ல வரவில்லை. வல்வெட்டித்துறை தந்த மாவீரர் ஆழிக்குமரன் ஆனந்தன், 1971-இல் பாக்கு நீரிணையை ஒரே மூச்சில் போகவும் வரவும் 51 மணி நேரத்தில் நீந்தியவர். 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயில், 41 வயதில் உயிர் நீத்தார். அத்தகையவரையே கொண்டுபோன நீர் அது.

எங்களூரில் மணமகன் மணமகள் வீட்டில் வாழ்வதே வழக்கம். ஆதலால் என் மனைவியின் தம்பி எனக்கு அடுத்த தெருதான். வயது 61. அவருக்கு நீந்தத் தெரியாது. கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. அவரிடம் சென்று எல்லாவற்றையும் சொன்னேன், 1974-ஐயும் சேர்த்து. என் மனைவிக்குக்கூட அன்றுவரை அது தெரியாது. அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மச்சான், நான் வந்து நின்று என்ன செய்யப்போகிறேன்? எனக்கோ நீச்சல் தெரியாது" என்றார். "நீ என்னைக் காப்பாற்ற வேண்டாம், தம்பி. நான் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை நீ சொல்லவேண்டும். உன் சொல்லை நான் கேட்கவேண்டும், அவ்வளவுதான்" என்றேன். "நீங்கள் கேட்பீர்களா?" என்றார். இந்தக் கேள்வியில் சந்தேகம் தெளிவாகத் தொனித்தது. முப்பத்தைந்து ஆண்டுகளாக என்னை அறிந்தவர் அவர்.

ஒப்பந்தம் இவ்வாறு அமைந்தது. கடல் அடங்கியிருக்கும் மாதங்களில் மட்டும். சூரியன் எழுந்த பின். கரைக்கு இணையாக, நின்றால் கால் தரையில் படும் ஆழத்தில், தெற்கிலிருந்து வடக்காக. இடுப்பில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் என் பின்னால் மிதந்துவரும் காற்றடைத்த இரப்பர் வளையம். என் வேகத்துக்கு இணையாக அவர் மணலில் நடந்துவருவார். மூக்குக் கண்ணாடி இல்லாமல் எனக்குக் கரை வெறும் மஞ்சள் கோடு. ஆகவே அவர் கையில் கருப்புக் குடை. குடை விரிந்திருந்தால் தொடரலாம். மடக்கினால் உடனே கரையேற வேண்டும், காரணம் கேட்கக்கூடாது. அருகில் படகு நிறுத்தியிருக்கும் மீனவர் ஒருவரிடமும் சொல்லி வைத்தோம். அவருக்கு ஒரு தொகையைக் கொடுக்க முயன்றபோது வாங்க மறுத்துவிட்டார். வற்புறுத்தி அவர் பேரக் குழந்தையின் கையில் கொடுத்தேன். யாருடைய கடனை யாரிடம் கொடுக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

அமெரிக்காவின் லின் காக்ஸ் என்னும் நீச்சல் வீராங்கனை, 1987-இல் பெரிங் நீரிணையின் உறைகுளிர் நீரில் அமெரிக்கத் தீவிலிருந்து சோவியத் தீவுக்கு நீந்தியவர். பிற்காலத்தில் பெற்றோரை இழந்த துயரோடு இதயநோயும் வந்து நீச்சலே கூடாது என்றாகிவிட்டபோது, அவர் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியில் நீர் நிரப்பிக் கைகளை அமிழ்த்தியே மீண்டும் தொடங்கினாராம். அதைப் படித்தபின் என் நிலைமை அவ்வளவு கேவலமாகத் தோன்றவில்லை. முதல் நாள் நான் நீந்தியது பதினாறு வீச்சு. எண்ணினேன். வலத்தோள் முழுவட்டம் சுழலாததால் மார்பு நீச்சலும் பக்கவாட்டு நீச்சலும்தான். பதினாறாம் வீச்சில் மூச்சு வாங்கி நின்றேன். தரையில் கால் பட்டது. மார்பளவு நீரில், ஐம்பதாண்டுகளுக்குப் பின், கடல் என்னை மெல்ல ஏந்தி ஏந்தி வைத்துக்கொண்டிருந்தது. அழுதேனா என்று தெரியவில்லை, முகமெல்லாம் உப்புநீர்.

கடினமாக இருந்தது கடலல்ல என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க நீந்துவதுதான் கடினம். மார்ச் மாத இறுதியில் ஒரு நாள், நீர் கண்ணாடிபோல் இருந்தது. தோளில் வலி இல்லை. எழுபது, எண்பது வீச்சு கடந்து சென்றுகொண்டிருந்தேன். இளமையின் மிச்சம் எங்கோ உள்ளிருந்து எழுந்து வந்ததுபோல் ஓர் உணர்வு. அப்போது குடை மடங்கியது. காரணமே தெரியவில்லை. அலை இல்லை, காற்று இல்லை, களைப்பும் இல்லை. இன்னும் பத்து வீச்சு போட்டுவிட்டுத் திரும்பினால் என்ன? பார்க்கவில்லை என்று சொல்லிவிடலாமே? கண்ணாடி இல்லாதவன்தானே! அந்தப் பத்து வீச்சுக்காக மனம் எத்தனை வக்கீல்களை அமர்த்தியது என்று இப்போது நினைத்தாலும் நாணமாக இருக்கிறது. அந்த ஒரு நிமிடத்தில் 19 வயதுக்காரனும் 69 வயதுக்காரனும் என்னுள் நேருக்கு நேர் நின்றார்கள். கடைசியில் கரையை நோக்கித் திரும்பினேன். கடைசிப் பத்தடியில் அலை முதுகில் அடிக்க, மைத்துனர் செருப்போடும் வேட்டியோடும் முழங்காலளவு நீரில் இறங்கி வந்து கையைப் பிடித்தார். உதறிவிட வேண்டும்போல் இருந்தது. உதறவில்லை.

மணலில் அமர்ந்து மூச்சு தணிந்ததும், "ஏன் மடக்கினாய்?" என்று கேட்டேன். காரணம் கேட்கக்கூடாது என்பது ஒப்பந்தம், மீறிவிட்டேன். அவர் சற்றுத் தயங்கினார். "ஒன்றுமில்லை மச்சான். எனக்குத்தான் கொஞ்சம் பயமாகிவிட்டது" என்றார்.

அன்றிலிருந்து குடை எப்போது மடங்கினாலும் நான் காரணம் கேட்பதில்லை. அவருடைய பயம் எனக்கு எதிரி என்றுதான் முதலில் கருதியிருந்தேன். இந்த நீச்சலில் பாதி அவருடையது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. நான் நீரில் இருக்கும் அரைமணி நேரமும் அவருடைய இதயமும் கூடுதலாக வேலை செய்துகொண்டிருக்கிறது. அவருக்கும் 61 வயது.

என் மனைவி இன்னும் சம்மதம் தரவில்லை. தடுக்கவும் இல்லை. நாங்கள் திரும்பி வரும் நேரத்துக்கு இரண்டு குவளைத் தேநீர் எடுத்து வைக்கிறாள். முதற் குவளையைத் தம்பியிடம்தான் கொடுக்கிறாள். வைகாசி பிறந்து கச்சான் காற்று தொடங்கியதும் இவ்வாண்டு நீச்சலை நிறுத்திவிட்டோம். இரப்பர் வளையத்தைக் காற்றிறக்கி மாடத்தில் வைத்திருக்கிறேன். குடை அவர் வீட்டில் இருக்கிறது.